ஒரு பல், இரண்டு கம்பி

செயற்கைப் பல் உண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டது கலைவாணிதான். போடும்போதே அது பொய்யாக இருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

காலை ஏழரை மணி இருக்கும். கள்ளிக்குப்பம் போகிற சாலையில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற சின்ன நர்சிங் ஹோம் அது. மாடி அறைக் கட்டிலில் ஸ்வீட்லின் பச்சை கவுன் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. பித்தப்பையில் கல். ஒன்பது மணிக்கு ஆபரேஷன். ஆறு வாரத்தில் கல்யாணம்.

அவளுடைய அம்மா வசந்தகுமாரி சுவரோரம் ஒரு ஸ்டூலில், இருக்கிற இடம் தெரியாமல் ஒடுங்கியிருந்தாள். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து முதல் பஸ் பிடித்து மகளோடு வந்தவள். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி முழுவதையும் நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மாப்பிள்ளை ரூபஸின் அம்மா ஞானகுமாரி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்கள். மருமகளாகப் போகிறவளுக்கு ஆபரேஷன் என்றதும், யாரும் கூப்பிடாமலே, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கிவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், நீங்களே சொல்லுங்க" என்றாள் ஞானகுமாரி. "எங்க ஊட்ல அரிசியில கூட ஒரு கல்லு பாக்க முடியாது. எங்களுக்குன்னு வந்து வாய்க்குது பாரு, வயித்துல கல்லு சேத்து வெச்சிகினு ஒரு மருமவ."

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்வீட்லினும் சிரித்தாள். முதலில் கை வாய்க்குப் போனது. அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. கலைவாணி அதைப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் அச்சடித்திருக்கும். தாளின் தலையில் 'நோயாளியிடம் தனியாகக் கேட்கவும்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி உண்டு. சம்பந்தியம்மாவைப் பார்த்து வெளியே இருங்கள் என்று சொல்கிற வாய் கலைவாணிக்கு இல்லை. அதனால் எல்லாரையும் வைத்துக்கொண்டே படித்தாள்.

"தூங்கும்போது குறட்டை விடுவீங்களா?"

ஞானகுமாரி நாற்காலியில் நிமிர்ந்தாள். "நல்லா கேளு. எங்க ரூபஸுக்கு ஈ பறந்தாலே தூக்கம் கலஞ்சிடும்."

"ஐயோ, அதெல்லாம் கெடையாது" என்றாள் வசந்தகுமாரி, மகள் வாயைத் திறக்கும் முன்பே. "இருக்காளா இல்லையான்னு தெரியாத மாதிரி தூங்குவா."

"ஆடுற பல்லு, கழட்டி மாட்டுற பல்லு ஏதாவது இருக்கா?"

ஸ்வீட்லின் அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாம் சொந்தப் பல்லு" என்றாள் வசந்தகுமாரி. "ஆண்டவர் குடுத்தது."

"பல்லு வரிசையப் பாத்துதானே எங்க ரூபஸ் மயங்கிட்டான்" என்றாள் ஞானகுமாரி. "மயக்க மருந்து மொதல்ல அவனுக்குதான் குடுத்தாங்க."

மறுபடியும் சிரிப்பு. ஸ்வீட்லின் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கலைவாணியையே பார்த்தாள். அவளுடைய மேலுதட்டுக்குள் நாக்கு எதையோ ஒருமுறை அழுத்திவிட்டுப் போனது தெரிந்தது. ரசம் சாதம் சாப்பிட்டு முடித்தவர்கள் வாயைச் சரிசெய்வதுபோல இல்லை அது. ஜன்னல் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

கலைவாணி டிக் போட்டாள்.

பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கருவி கழுவுகிற வேலைக்கு இங்கே வந்தவள் அவள். பத்து வருடத்தில் மயக்க மருந்து டாக்டருக்குக் கையாளாக உயர்ந்திருந்தாள். மருந்து கொடுத்ததும் நோயாளிக்குத் தன்னால் மூச்சுவிட முடியாது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்து, ரப்பர் பையை அமுக்கி, வெளியிலிருந்து மூச்சைக் கொடுக்க வேண்டும். மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியாகப் போய்விடும். இதையே பார்த்துப் பார்த்து, யார் முகத்தைக் கண்டாலும் மாஸ்க் அதில் எப்படி உட்காரும் என்று யோசிக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகவாய் சின்னது, இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். பூக்காரப் பெரியவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, பஞ்சுத் துணியைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். இப்படி.

ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை சொன்னாள். நேர்ச்சைக்காகத் தாடி வளர்த்திருந்த ஒருவருக்கு, வெளியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் மாஸ்க் பிடித்திருந்தார். தாடி வழியாகக் காற்று போகிறது என்றாள். "ஏம்மா, நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?" என்று அவர் கேட்டார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து ஆபரேஷன் அறைக்குள் அவளிடம் மூன்று பேச்சுதான் இருந்தது. சரி சார். இந்தாங்க சார். ஆச்சு சார்.

எட்டரைக்கு டிராலி வந்தது. வார்டு நர்ஸ் லாவண்யா, ஸ்வீட்லினின் தோட்டையும் நிச்சயத்துக்குப் போட்ட செயினையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தாள்.

"யார் கையில குடுக்கட்டும்? கையெழுத்து போடணும்."

வசந்தகுமாரி எழுந்திருப்பதற்குள் ஞானகுமாரியின் கை நீண்டுவிட்டது. "இப்டி குடு. செயினு எங்களுதுதானே. தோடும் அதோட கெடக்கட்டும்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி வெளி ஆட்கள் வரக்கூடாது. கோட்டின் முனையில் டிராலியை நிறுத்தி, ஞானகுமாரி மருமகளின் நெற்றியில் கையை வைத்து ஜெபித்தாள். ஜெபம் நீண்டது. அந்த நேரத்தில் ஸ்வீட்லினின் கை போர்வைக்கடியிலிருந்து வெளியே வந்து கலைவாணியின் சுண்டுவிரலைப் பிடித்தது. விரல்கள் ஐஸாக இருந்தன.

"அக்கா. உள்ள நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆமென் சொல்லிவிட்டு ஞானகுமாரி கண்ணைத் திறந்தாள். "அது இன்னா, எங்களுக்குத் தெரியாம சிஸ்டருக்கு மட்டும்?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

உள்ளே மேஜைக்கு மாற்றியதும் கலைவாணி குனிந்தாள். "இப்ப சொல்லுங்க. இன்னா?"

ஸ்வீட்லின் கதவையே பார்த்தாள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதில் ஞானகுமாரியின் முகம் முழுதாக ஒட்டியிருந்தது. அன்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக்கூட ஆட்டினாள்.

"அவங்க போனதும் சொல்றேன்."

அவள் போகவில்லை. மயக்க மருந்து டாக்டர் பார்த்தசாரதிதான் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வந்தார். முத்தாபுதுப்பேட்டையில் பத்தரைக்கு இன்னொரு கேஸ். அங்கிருந்து யாரோ அவசரப்படுத்துகிறார்கள். நல்ல டாக்டர்தான். யாரிடமும் கத்த மாட்டார். பிறவியிலேயே அவசரம், அவ்வளவுதான். மூலையில் சர்ஜன் பரந்தாமன் கையுறையோடு கையைத் தூக்கிப் பிடித்தபடி தயாராக நின்றிருந்தார்.

"எல்லாம் கேட்டாச்சா கலைவாணி? அலர்ஜி, பல்லு?"

அவர் தாளைப் பார்த்தார். தாளில் டிக் இருந்தது.

"ஆச்சு சார்."

மாஸ்க் ஸ்வீட்லினின் முகத்தில் இறங்கியது. தெளிவான பிளாஸ்டிக். உள்ளே அவள் உதடு அசைவது தெரிந்தது. "அக்கா" என்றது புரிந்தது. அதற்கப்புறம் சொன்னது மாஸ்க்கின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படிந்துவிட்டது.

"பேசாதீங்கம்மா. மூச்சை மட்டும் நல்லா இழுத்து விடுங்க" என்றார் பார்த்தசாரதி.

பால்போன்ற மருந்து நரம்புக்குள் போனது. கண் சொருகியது. டாக்டரின் கை அடுத்த ஊசிக்குப் போனது. தசையைத் தளர்த்துகிற மருந்து அது. மாஸ்க்கில் முதலில் இரண்டு மூச்சு கொடுத்துப் பார், காற்று போகிறது என்று தெரிந்த பிறகு அந்த மருந்தைத் தொடு என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மருந்து போய்விட்டால் குறைந்தது அரைமணி நேரத்துக்கு உடம்பு தானாக ஒரு மூச்சுகூட எடுக்காது. ஜன்னலோரம் வைத்த போன் மறுபடி அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியை அழுத்தி முடித்தார்.

பிறகு மாஸ்க்கைப் பிடித்தார். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கைச் சுற்றி வளைத்தன. மற்ற மூன்று விரலும் தாடை எலும்புக்கடியில் கொக்கிபோல மாட்டி, முகவாயை மேலே தூக்கின. வலது கை பையை அமுக்கியது. மார்பு எழுந்து இறங்கியது. இரண்டாவது மூச்சும் அப்படியே. மூன்றாவதுக்குக் கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கினார்.

உள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கலைவாணிக்கு மட்டும்தான் கேட்டது.

பை கல்லாகிவிட்டது. டாக்டர் அமுக்கினார். அமுங்கவில்லை. மாஸ்க்கைத் திருப்பி வைத்தார், தலையைச் சரித்தார். மார்பு எழவில்லை.

"நான் ரெண்டு கையால புடிக்கிறேன். நீ பையை அமுக்கு."

இரண்டு பக்கமும் தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தார். கலைவாணி அமுக்கினாள்.

"காத்து போகுதா?"

"இல்ல சார்."

மானிட்டரின் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. ரத்தத்தில் காற்று இருக்கிறவரைக்கும் அது மேல் சுதியில் கூப்பிடும். காற்று குறையக் குறையச் சுதி இறங்கும். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்று. படிக்கட்டில் யாரோ ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போவதுபோல அது இறங்கியது.

"நாக்கு பின்னாடி விழுந்திருக்கும். ஏர்வே குடு."

வாய்க்குள் வைத்து நாக்கைத் தூக்கிப் பிடிக்கிற வளைந்த பிளாஸ்டிக் குழல் அது. கலைவாணி தட்டிலிருந்து அதை எடுத்தாள். எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தொண்டை வாசலில் ஏதோ நிற்கிறது. இது உள்ளே போனால் அதையும் தள்ளிக்கொண்டு போகும். அவளுக்கு அது சுவரில் எழுதியதுபோலத் தெரிந்தது. வாய் மட்டும் வரவில்லை.

"கலைவாணி. ஏர்வே."

எண்பத்தாறு.

"தர மாட்டேன் சார்."

பரந்தாமன் திரும்பிப் பார்த்தார். கலைவாணியின் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது. "பொய்ப் பல்லு இருக்கு சார். மேல, முன்னாடி. அது கழண்டு தொண்டையில நிக்குது."

எப்படித் தெரியும் என்று பார்த்தசாரதி கேட்கவில்லை. மாஸ்க்கைத் தூக்கினார். விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். நீண்ட வளைந்த இடுக்கியைக் கேட்டார். கலைவாணி அதை முன்பே கையில் வைத்திருந்தாள்.

வெளியே வந்தது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரோஸ் நிறத் தகடு. அதன் நுனியில் ஒற்றைப் பல், வெள்ளை வெளேரென்று.

மாஸ்க் மறுபடி இறங்கியது. பை இளகியது. மார்பு எழுந்தது. மானிட்டரின் சுதி ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. பரந்தாமன் சத்தமாக மூச்சுவிட்டார். பார்த்தசாரதியின் நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

கலைவாணி தட்டில் கிடந்த தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பல்லைப் பற்றிக்கொள்ள அதன் ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்த கம்பி இருந்தது. அடுத்த பக்கம் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் எள்ளளவு ஒரு முனைதான் இருந்தது.

"சார். ஒரு கம்பி இல்ல."

பார்த்தசாரதி ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தார். இடது பக்கம் கேட்டார். வலது பக்கம் கேட்டார். வலது பக்கம் கீழே வைத்துவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றார்.

"சத்தம் கம்மியா இருக்கு" என்றார். "எனக்கு அப்படித் தோணுதா, நெஜமாவே கம்மியான்னு தெரியல. டிக் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

அவர் மறுபடி ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கம் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஆரம்பிக்கட்டா வேணாமா?" என்று கேட்டார் பரந்தாமன்.

"இருங்க. கம்பி முன்னாடியே உடைஞ்சிருந்தா நமக்குப் பயமில்ல. இப்பதான் உடைஞ்சதுன்னா அது இவ நெஞ்சுக்குள்ள கீது." அவசரத்தில் அவருக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "தொண்டையில மூச்சுக் குழாய் போட்டா அதோட சேந்து இன்னும் கீழ போயிரும். நான் குடுக்கற ஒவ்வொரு மூச்சும் அதைத் தள்ளிட்டுதான் இருக்கு. குடுக்காமலும் இருக்க முடியாது. எக்ஸ்ரே கீழ இருக்கு. இந்த நெலமையில எப்படிக் கொண்டு போறது? யாருக்குத் தெரியும், கம்பி இருந்துச்சா இல்லையான்னு?"

"அவங்க அம்மாவுக்குத் தெரியும் சார்."

"போய்க் கேட்டுட்டு வா. பரந்தாமன், கையுறையைக் கழட்டிட்டு வந்து பையைப் புடிங்க. மெதுவா. ரொம்ப மெதுவா."

கலைவாணி தகட்டைக் கழுவி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் எத்தனை பந்தி என்று ஞானகுமாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் நகைக் கவர்.

"அதுக்குள்ள ஆய்டுச்சா?"

"அம்மா மட்டும் கொஞ்சம் வாங்க" என்றாள் கலைவாணி, வசந்தகுமாரியைப் பார்த்து.

"எந்த அம்மா? நானும் அம்மாதான்" என்று ஞானகுமாரியும் எழுந்தாள். "எங்க பொண்ணுதானே. எதுவா இருந்தாலும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு."

காலையில் நடந்ததுதான் மறுபடியும். அதே கேள்வி, அதே ஆட்கள். கலைவாணி வசந்தகுமாரியின் மிக அருகில் போனாள். ஞானகுமாரிக்குத் தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உள்ளங்கையைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

வசந்தகுமாரியின் முகம் வெளிறியது. கண் தகட்டிலேயே இருந்தது.

"ஒரு கம்பி இல்லம்மா. முன்னாடியே ஒடஞ்சிருந்துச்சா? அது மட்டும் சொல்லுங்க. மெதுவா சொன்னா போதும்."

வசந்தகுமாரி தலையைத் தூக்கினாள். கலைவாணியின் தோளுக்கு மேலாகச் சம்பந்தியைப் பார்த்தாள்.

"இது எங்களது இல்ல" என்றாள்.

"அம்மா."

"எங்களது இல்ல சிஸ்டர். வேற யாருதாவது இருக்கும். நல்லாப் பாத்துட்டு வந்து கேளுங்க."

"இன்னாது எங்களுது இல்ல?" ஞானகுமாரி எட்டிப் பார்த்தாள். "கையில இன்னா வெச்சிக்கிற? காட்டு."

அவள் கை நீண்டது. காலையில் நகைக் கவருக்கு நீண்ட அதே வேகம். நோயாளியிடமிருந்து கழற்றுகிற எதையும் வெளியே இருக்கிற உறவுக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் இந்த இடத்தின் வழக்கம். பத்து வருடத்தில் கலைவாணி எத்தனையோ தோடுகளையும் தாயத்துகளையும் அப்படிக் கொடுத்திருக்கிறாள். இப்போது பொத்திய கையை மேல்சட்டைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். மறு கையால் வசந்தகுமாரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேலாக இழுத்தாள். செருப்பு ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாகக் கழன்று விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே பார்த்தசாரதி இரண்டு கையாலும் மாஸ்க்கை மகளின் முகத்தில் அழுத்திப் பிடித்திருப்பதை வசந்தகுமாரி பார்த்தாள். மாஸ்க்குக்குள் மேலுதடு உள்ளே குழிந்து, பல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சந்து தெரிந்தது. பரந்தாமன் பையை அமுக்கினார். மார்பின் இடது பாதி எழுந்தது. வலது பாதி கொஞ்சம் தாமதித்து, மனமில்லாமல் எழுந்தது.

"இவ இப்ப தானா மூச்சுவிடல" என்றாள் கலைவாணி. "நாங்கதான் விட்டுட்டிருக்கோம். சொல்லுங்கம்மா."

வசந்தகுமாரி மகளின் காலைத் தொட்டாள். போர்வைக்கு வெளியே இருந்த கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு" என்றாள். "ரெண்டு கம்பியும் இருந்துச்சு. நேத்து சாயங்காலம் நான்தான் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேன். காலையில கழட்டி வெச்சிரட்டாம்மான்னு கேட்டா. அவங்க வாராங்க, போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன்."

பார்த்தசாரதி கண்ணை மூடித் திறந்தார். "ஆபரேஷன் இல்ல" என்றார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கம்பியை உள்ள விட்டு எடுக்கற கருவி அங்கதான் இருக்கு. மருந்து இறங்கற வரைக்கும் இப்படியேதான். யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. முத்தாபுதுப்பேட்டைக்கு நான் வரலன்னு சொல்லிடுங்க."

அரைமணி நேரம். பரந்தாமனும் கலைவாணியும் மாறி மாறிப் பையைப் பிடித்தார்கள். பார்த்தசாரதி மாஸ்க்கை யாரிடமும் தரவில்லை. விரல்கள் விறைத்துப்போய், கழற்றி உதறவும் முடியாமல், தாடைக்கடியில் அப்படியே இருந்தன. தளர்த்தும் மருந்து இறங்கத் தொடங்கியதும் அதை முறிக்கிற ஊசியைப் போட்டார்கள். ஸ்வீட்லினின் வயிறு ஒருமுறை துடித்தது. பிறகு தானாக ஒரு சின்ன மூச்சு வந்தது. அவள் மூச்சோடு சேர்த்துத்தான் இப்போது பையை அமுக்க வேண்டும். அவள் எடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிராலி வெளியே வந்தபோது ஞானகுமாரி வழியை மறித்து நின்றாள்.

"இன்னா நடக்குது? ஆம்புலன்ஸுன்றாங்க. பொண்ணு மூஞ்சிய ஏன் மூடி வெச்சிருக்கீங்க? எடுங்க அத, பாக்கலாம்."

"எடுக்க முடியாதும்மா" என்றாள் கலைவாணி. தன் கையை மாஸ்க்கின் மேல் விரித்து வைத்தாள். சந்து தெரியக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் மாஸ்க் தெளிவான பிளாஸ்டிக். ஒரு கை போதவில்லை.

ஞானகுமாரி குனிந்தாள். நிமிரவில்லை.

"அவளுக்கு முன்பல்லு கெடையாது சம்பந்தி" என்றாள் பின்னால் வந்த வசந்தகுமாரி. வெறுங்காலோடு வந்தாள். "பன்னெண்டு வயசுல குவார்ட்டர்ஸ் படியில விழுந்துட்டா. கட்டின பல்லு அது. உங்ககிட்ட நான்தான் மறைச்சேன். அவ சொல்லிரலாம்னுதான் சொன்னா."

ஞானகுமாரி மெதுவாக நிமிர்ந்தாள். கோபமோ அழுகையோ அவள் முகத்தில் இல்லை. கடையில் ஒரு சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவளின் நிதானம்தான் இருந்தது. மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவரின் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு தோடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வசந்தகுமாரியின் உள்ளங்கையில் வைத்தாள். செயினை உள்ளேயே விட்டு, கவரை மறுபடி முடிந்தாள்.

"மொதல்ல உசுரோட வரட்டும்" என்றாள். "மத்தது அப்பறம் பேசிக்கலாம்."

ஹார்லிக்ஸ் பாட்டில் நாற்காலியிலேயே கிடந்தது.

ஆம்புலன்ஸ் அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டியதும் நெரிசலில் மாட்டிக்கொண்டது. சைரன் போட்டும் லாரிகள் நகரவில்லை. முன்சீட்டில் வசந்தகுமாரி தோடுகளைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் பார்த்தசாரதி மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார்.

"வலது பக்கம் இன்னும் கொறஞ்சிருக்கு" என்றார் தனக்குள்போல.

கலைவாணி தலைமாட்டில் மண்டியிட்டு மாஸ்க்கைப் பிடித்திருந்தாள். டாக்டர் தன் விறைத்த கையை விட்டு, முதல்முறையாக அதை அவளிடம் கொடுத்திருந்தார். இரண்டு விரல் மாஸ்க்கில், மூன்று விரல் தாடையில். நூல் அளவு இடைவெளி இல்லை. தகடு அவள் பாக்கெட்டில் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கையெழுத்தும் வாங்கவில்லை.

பாடி மேம்பாலம் ஏறும்போது ஸ்வீட்லினின் இமை அசைந்தது. ஒரு சின்ன இருமல் வந்தது. அதன் முடிவில் நெஞ்சுக்குள் எதுவோ கீச்சென்று ஊதியது. கண் திறக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்றோ வலிக்கிறது என்றோ அவள் சொல்லவில்லை. மாஸ்க்குக்குள் நாக்கு மட்டும் எழுந்து வந்தது. மேலுதட்டுக்குள் போய், பல் இருந்த இடத்தைத் தொட்டது. ஒன்றும் இல்லை. நகர்ந்து பக்கத்தைத் தொட்டது. மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. அது கலைவாணியின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மாஸ்க்கின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்தது. இந்தத் தடவை கலைவாணி காதை அதன் மேலேயே வைத்துக் குனிந்தாள்.

"பாத்துட்டாங்களா?" என்றது உள்ளிருந்து.

கலைவாணி விரல்களைத் தளர்த்தாமல் பிடித்திருந்தாள். "பேசாதீங்க" என்றாள். "மூச்சை மட்டும் விடுங்க."